நீரடி மாளிகையை எழுதிய கைகள்

அரியணைக்குப் பதிலாக இந்தப் பாடசாலையின் மடக்குக் கதிரையில் அமர்ந்திருந்தும் அரசனின் மிடுக்குக் குறையாத எங்கள் சங்கத் தலைவர், அந்தக் காலத்தில் கல்வி அதிகாரியாக இருந்து இந்தக் காலத்திலும் எங்களை அதிகாரம் செய்யும் பெருமதிப்புக்குரிய சச்சிதானந்தன் அவர்களே! வெள்ளிதோறும் விளம்பரங்களையும், அவற்றின் இடுக்குகளில் கொஞ்சம் செய்தியையும் எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவரும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் தம்பி அன்புராசா அவர்களே! முதற்பிரதி பெறுவதற்காக மூன்று மணி நேரமாய்ச் சால்வையோடு சங்கடப்பட்டுக்கொண்டிருக்கும், மோர்னிங்சைட்டில் மீனும் மிளகாய்த்தூளும் விற்கும் வள்ளல் இக்னேசியஸ் அண்ணை அவர்களே! பிக்கரிங்கிலிருந்து இந்தக் கனடாப் பனியில் சறுக்கி வந்த பெரியோர்களே! சமைத்து மூடி வைத்துவிட்டு வந்த தாய்மார்களே! சமைக்காமல் வந்து, வடை வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! தமிழ்ப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் கொட்டாவி விடும் இளைய செல்வங்களே! உங்கள் அனைவரின் பாதங்களுக்கும், அதாவது உங்கள் நனைந்த சப்பாத்துகளுக்கும், இந்தச் சிறியேன் வணக்கம் செலுத்துகிறேன்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் அருமை என்றார்கள். அற்புதம் என்றார்கள். அமுதம் என்றார்கள். அவர்களில் ஒருவரும் புத்தகத்தை வாசிக்கவில்லை என்று நான் அப்போதே அறிந்துகொண்டேன். வாசித்தவனால் இவ்வளவு தாராளமாகப் புகழ முடியாது, ஐயா. வாசித்தவனுக்கு ஓர் இடத்திலாவது நாக்குத் தடுக்கும்.

எனக்குத் தந்த தலைப்பு, "நீரடி மாளிகை நாவலை ஹிந்தியில் எழுதிய முன்ஷி கேவல்ராமின் வாழ்வும் பணியும்." ஆரம்பத்தில் குத்துவிளக்கேற்றி, மாலை போட்டு, ஒரு நிமிடம் எழுந்து நின்றோமே, ஒரு படத்துக்கு முன்னால்? தலைப்பாகை, முறுக்கு மீசை, முகத்தில் ஒரு தேசு. அதுதான் கேவல்ராம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. கேவல்ராமுக்குப் படமே கிடையாது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கமெராவைக் கண்டதில்லை. படமில்லாமல் விழாவா என்று தலைவர் கேட்டார். ஜெராட் ஸ்ரீட்டில் ஓர் இனிப்புக்கடைக் கலண்டரில் இருந்த முதலாளியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த முதலாளி உயிரோடு இருக்கிறார். நேற்றும் எனக்கு ஜிலேபி கட்டித் தந்தார். அவருக்குத்தான் இன்று நாங்கள் மாலை போட்டு, மௌன அஞ்சலி செலுத்தி, அவருடைய ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்தோம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். படத்தில் நேர்ந்த பிழைக்குச் சிரிப்போடு மன்னிப்பு உண்டு. ஆனால் இந்த மண்டபத்தில் இன்னொரு பிழை இருக்கிறது. அந்த மேசையில் ஐந்து பெட்டிகளில் முந்நூறு பிரதிகளாகக் கட்டி வைத்திருக்கிறது. ஒருத்தியின் பெயரை நாங்கள் தின்றுவிட்டோம். தின்றவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்வதற்கு முன் கேவல்ராமின் கதையைச் சொல்கிறேன். கேளுங்கள்.

யார் இந்த முன்ஷி கேவல்ராம்? மன்னனா? மகாபண்டிதனா? மடாதிபதியா? நூறு வருடத்துக்கு முன் கங்கைக் கரையில், காசிப்பூரில், ஓர் அபின் கிடங்கில் எழுத்தர். பகலில் அபின் உருண்டைகளை எண்ணிப் பதிந்தார். மாலையில் வீட்டுக்கு வந்து, அதைவிட மயக்கம் தரும் சரக்கைத் தன் கையாலேயே தயாரித்தார். கங்கையின் அடியில் ஒரு மாளிகை. மாளிகைக்கு ஏழு கதவு. ஏழு கதவுக்கும் ஏழு சாவி. ஏழு சாவியும் ஏழு பெண்களின் கொண்டைக்குள்! இருபத்துநான்கு பாகங்கள். மாதம் ஒன்று. சாணித்தாளில் அச்சாகி, றெயில் நிலையத்திலும் படித்துறையிலும் கடலை விற்பதுபோல விற்றது.

யார் வாங்கினார்கள்? படகோட்டிகள் வாங்கினார்கள். சுமைதூக்குபவர்கள் வாங்கினார்கள். எழுத்தறியாதவர்கள் வாங்கினார்கள் ஐயா, எழுத்தறியாதவர்கள்! பத்துப் படகோட்டிகள் சேர்ந்து ஒரு பிரதி வாங்குவார்கள். பத்துப் பேரில் ஒருவனுக்கு எழுத்துத் தெரியும். அவனுக்கு அன்று துடுப்பு வேலை இல்லை. மீன்குழம்பில் தலைத்துண்டும் அவனுக்குத்தான். அவன் வாசிக்க மற்றவர்கள் வலிப்பார்கள். நான்காம் சாவி எந்தக் கொண்டையில் என்று தெரியவரும் இடத்தில் எல்லோருமே வலிப்பதை விட்டுவிட, படகு போய் ஒரு பாலத்தூணில் மோதியதாம். தண்ணீரில் விழுந்தவன் தலையை வெளியே நீட்டிக் கேட்ட முதல் கேள்வி, "பிறகு என்ன நடந்தது?"

பண்டிதர்கள் என்ன சொன்னார்கள்? படகோட்டி படிப்பதெல்லாம் இலக்கியமா என்று கேட்டார்கள். கரையில் நின்றுகொண்டு நீச்சலுக்கு இலக்கணம் எழுதும் கூட்டம் எந்த ஊரில்தான் இல்லை? காசியில் ஒரு சபை கூட்டினார்கள். இந்த நாவல் இளைஞரைக் கெடுக்கிறது என்று ஒரு பண்டிதர் முழங்கினார். எப்படிக் கெடுக்கிறது என்று காட்டுவதற்கு, ஒரு முழு அத்தியாயத்தை ஒப்புவித்தார். புத்தகத்தைப் பார்க்காமல்!

முதல் மூன்று பாகத்தில் கேவல்ராமின் பெயர் இருந்தது. நான்காம் பாகத்தில் காணவில்லை. அச்சகத்தின் பெயர் மாத்திரம் தாமரைப்பூ மாதிரி விரிந்திருந்தது. போய்க் கேட்டார். "கிடங்கு எழுத்தனின் பெயரைப் பார்த்தால் கனவான்கள் வாங்குவார்களா, முன்ஷிஜி? அடுத்த பாகத்தில் போடுவோம்" என்றார் அச்சகக்காரர். அடுத்த பாகம் வந்தது. அதற்கடுத்த பாகமும் வந்தது. பெயர் வரவில்லை. "அப்படியானால் இவர் ஏன் எழுதுவதை நிறுத்தவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்த முடியாது. ஐந்தாவது பெண் கதவுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளை வெளியே எடுக்காமல் பேனையை மூட எந்த எழுத்தாளனுக்கு மனம் வரும்?

ஒரு நாள் றெயில் நிலையத்தில் அவர் தன் புத்தகத்தைத் தானே காசு கொடுத்து வாங்கினார். விற்றவனிடம், "இதை எழுதியது யார்?" என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார். "கல்கத்தாவில் ஒரு ராஜா. தங்கப் பேனையால் எழுதுகிறாராம்" என்றான் அவன். "அப்படியா? நான் அந்த ராஜாவிடம்தான் வேலை செய்கிறேன். நல்ல மனிதர். சம்பளம்தான் தருவதில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாராம். அவருடைய மகள் பின்னாளில் ஒரு முன்னுரையில் இதை எழுதுகிறாள். சிரித்து முடித்துவிட்டு அன்று அவர் சாப்பிடவில்லை என்றும் அந்த மகளே எழுதுகிறாள்.

இருபத்துநான்காம் பாகம் எழுதி முடித்த வருடம் காய்ச்சலில் போய்விட்டார். எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. தகப்பனின் கையெழுத்துப் படிகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு மகள் பதினொரு வருடம் அச்சக வாசலுக்கு நடந்தாள். ஏழாம் பதிப்பில், எறும்பு அளவு எழுத்தில், பெயர் வந்தது. அதோடு அவள் எழுதிய நான்கு பக்க முன்னுரையும் வந்தது.

என்ன அலெக்ஸாண்டர் அண்ணை, கையைத் தூக்குறியள்? ஓம், ஓம், உங்கட கேள்வி சபைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்றன். "புத்தகத்தில உந்த முன்னுரை இல்லையே?" என்று கேட்கிறார். அண்ணை, உங்களுக்குக் கோடி வணக்கம்! நேற்று மாதிரிப் பிரதி கொண்டுபோனவர்களில் வாசித்த ஒரே மனிதர் நீங்கள்தான். இல்லை அண்ணை. அந்த முன்னுரை தமிழில் இருந்தது. நாங்கள் வெட்டிவிட்டோம். ஏன் வெட்டினோம்? இடம் போதவில்லை. ஏன் போதவில்லை? என்னுடைய அணிந்துரை ஆறு பக்கம்! அதில் கேவல்ராமின் பெயர் நான்கு தரம் வருகிறது. "நான்" என்ற சொல் முப்பத்தொரு தரம் வருகிறது. எண்ணியது என் மனைவி மங்கையற்கரசி. அவள் என்னை வாசிப்பதே பிழை பிடிக்கத்தான்.

முன்னுரையைத் தமிழில் எழுதியது யார்? இருபத்துநான்கு பாகங்களையும் தமிழில் எழுதியது யார்? அட்டையைப் பாருங்கள். "தமிழில்: சங்க இலக்கியக் குழு." குழுவில் நாங்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் தெரிந்த ஹிந்தியை இந்த மேடையில் கொட்டுகிறேன், அளந்துகொள்ளுங்கள். எனக்கு "அச்சா" தெரியும். தம்பி அன்புராசாவுக்கு "சலோ" தெரியும். தலைவர் ஹிந்திப் படம் பார்த்தால் சரியான இடத்தில் அழுவார். மற்ற நான்கு பேருக்கும் அழவும் தெரியாது.

எழுதியது ஒரு பெண். எண்பத்தாறாம் ஆண்டு போருக்குத் தப்பிக் கனடாவுக்கு என்று குருநகரிலிருந்து வெளிக்கிட்டு, பம்பாயில் ஒரு லொட்ஜில் மாட்டிக்கொண்டவள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை" என்றான். அந்த அடுத்த கிழமை வர மூன்று வருடம் சென்றது. உங்களில் எத்தனை பேர் அந்த லொட்ஜுகளில் இருந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். முகங்களே சொல்கின்றன. நாங்கள் அங்கே என்ன செய்தோம்? சீட்டுக்கட்டு வாங்கிக் கடதாசி விளையாடினோம். சண்டை பிடித்தோம். ஏஜென்சிக்காரனின் பரம்பரையையே திட்டினோம். அவள் என்ன செய்தாள்? தொலைந்து போகாமல் இருக்க, பஸ் பலகைகளைப் பார்த்து எழுத்துப் படித்தாள். லொட்ஜ் காவற்காரன் வடநாட்டுக்காரன். மாலையில் ஒரு பழைய புத்தகத்தை ராகம் போட்டு வாசிப்பான். அவன் விரல் ஓடும் வரியோடு இவள் கண்ணும் ஓடியது. அந்தப் புத்தகம்தான் நீரடி மாளிகை. விமானம் ஏறும் நாளில் அதை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஆட்கள் கனடாவுக்கு நகை கொண்டுவந்தார்கள், ஊறுகாய் கொண்டுவந்தார்கள், என்னைப் போல வாயை மட்டும் கொண்டுவந்தார்கள். அவள் ஒரு நாவல் கொண்டுவந்தாள்.

இங்கே அவளுக்கு வேலை மிசிசாகாவில். கம்பனிக் கந்தோர்கள் துடைப்பது. இருப்பது மோர்னிங்சைட். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, பஸ். பத்து வருடம் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதினாள். கந்தோரில் குப்பைக்குப் போகும் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். கையெழுத்துப் படியை நான் பார்த்தேன். ஒரு பக்கத்தில் கங்கை பொங்கி மாளிகையின் மூன்றாம் கதவை உடைக்கிறது. திருப்பினால், மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று இன்சூரன்ஸுக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறார்!

அது பத்திரிகையில் தொடராக வந்தபோது என்ன நடந்தது? உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இக்னேசியஸ் அண்ணையின் கடையில் பத்திரிகை முடிந்த பிறகுதான் பாரைமீன் முடியும். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு கேட்டேன். "பொறுங்கோ, ஆறாவது பெட்டை தண்ணிக்குள்ள நிக்கிறாள்" என்றாள் மங்கையற்கரசி. நான் இருபத்தாறு வருடம் நகைச்சுவை எழுதுகிறேன். எனக்காக ஒரு வீட்டிலும் ஒரு சோறும் ஆறியதில்லை.

தொடரில் பெயர் போட்டார்களா? "முடியேக்க போடுவம், தங்கச்சி" என்றார் அன்புராசா. முடிந்தது. "புத்தகத்தில போடுவம்" என்றார். புத்தகத்துக்காகக் குழு கூடியது. தலைவரின் பிக்கரிங் வீட்டில், நீலக் கம்பளத்தில், வெள்ளைச் சோபாவில், இறால் வடையோடு. தலைவர் சொன்னார்: "பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா ஒரு பட்டம் இல்லை. ஹிந்தி படிச்சதுக்கு ஒரு சேர்ட்டிபிகேற் இல்லை. கிளீனிங் வேலை. லைப்ரரிக்குப் புத்தகம் குடுக்கேக்க ஆர் எண்டு கேட்டா என்ன சொல்றது?"

"குழு எண்டு போட்டா எல்லாருக்கும் பெருமைதானே" என்றார் ஒருவர்.

"அவளுக்கு அடுத்த பதிப்பில போடலாம்" என்றார் அன்புராசா.

அடுத்த பாகம்! அடுத்த கிழமை! அடுத்த பதிப்பு! உலகத்தில் ஏமாற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களா?

யார் ஆமோதிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆறு கை உயர்ந்தது. ஏழாவது கை யாருடையது? ஓடி ஒளிய மாட்டேன். இந்தக் கை. இறால் வடை எண்ணெய் காயாத இந்தக் கை! ஏன் தூக்கினேன்? சிறப்புரை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, இதுதான் அந்தக் கைக்கூலி. இந்த ஒலிவாங்கிக்காக ஒருத்தியின் பத்து வருடத்தை நான் விற்றேன்.

மணி அடிக்கிறது. கேட்கிறது, தலைவர் அவர்களே. உங்கள் மணி எனக்குக் கேட்காமல் போகுமா? ஐந்து பேர் வாசிக்காமல் பேசியபோது அது ஊமையாக இருந்தது. பரவாயில்லை, அடியுங்கள்.

அட்டையைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகத்தான் படுத்தேன். போன செவ்வாய்க்கிழமை அவளுக்குப் போன் எடுத்தேன். பாவமன்னிப்புக் கேட்க அல்ல, பாராட்டு வாங்க! "தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. முழுச் சபைக்கும் முன்னால உங்கட பேரைச் சொல்லுறன்" என்றேன்.

அவள் சொன்னாள்: "அண்ணை, என்ர பேரை மேடையில சொல்லிப்போடாதேங்கோ."

"ஏன் பிள்ளை? வெக்கமே?"

"என்ன வெக்கம்? நீங்கள் சொன்னா சனம் கைதட்டும். கைதட்டினா நீங்கள் நல்ல மனுசன் ஆகிடுவியள். தலைவரும் பொன்னாடையோட வந்து நல்ல மனுசன் ஆகிடுவார். எல்லாரும் நல்ல மனுசராய் வடை சாப்பிட்டிட்டு வீட்டை போவினம். புத்தகத்தில என்ர பேர் இராது. பேச்சு அண்டைக்கே போயிடும், அண்ணை. புத்தகம் கிடக்கும்."

வாயால் பிழைக்கிறவன் நான். போனை வைத்துவிட்டு அந்த அட்டையை எடுத்து மறுபடி பார்த்தேன்.

ஆகையால், பெரியோர்களே, நான் அந்தப் பெயரைச் சொல்லப் போவதில்லை. தேடாதீர்கள், அவள் இங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், மிசிசாகா போய்விட்டாள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தி எங்கள் அழுக்கை மூடும் வாய்ப்பையும் அவள் எங்களுக்குத் தரவில்லை.

நூல் வெளியீட்டின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிறப்புரை முடிந்து முதற்பிரதியைக் கொடுத்தால்தான் பெட்டியின் கட்டு அவிழும். முதற்பிரதி கைமாறாத புத்தகம் வெளிவராத புத்தகம். இதோ, சிவப்பு றிபன் கட்டிய முதற்பிரதி என் கையில் இருக்கிறது. இதை நான் கொடுக்க மாட்டேன்!

அமைதி, அமைதி. தலைவர் அவர்களே, மைக்கைப் பிடித்து இழுக்காதீர்கள், அது பாடசாலைச் சொத்து. என்ன, தம்பி அன்புராசா? "அச்சடிச்சாச்சு, இனி என்ன செய்யலாம்?" ஒரு வழி இருக்கிறது, தம்பி. என் பைக்குள் முந்நூறு துண்டுகள் இருக்கின்றன. அச்சடித்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி: "தமிழில்:", அதற்குப் பிறகு அவளுடைய முழுப்பெயர். "சங்க இலக்கியக் குழு" என்ற சொற்களை மறைக்கும் சரியான அளவு. நானே அடிமட்டம் வைத்து அளந்தேன். நாவல் எழுதத் தெரியாதவன் இதையாவது செய்ய வேண்டாமா? ஆறு போத்தல் பசையும் வாங்கி வந்திருக்கிறேன்.

இக்னேசியஸ் அண்ணை எழும்புகிறார். சொல்லுங்கோ அண்ணை. கேட்டீர்களா? "முதல்ல ஒட்டுங்கோ, பிறகு தாருங்கோ. ஒட்டாத புத்தகம் எனக்கு வேண்டாம்" என்கிறார்! மீன் விற்பவர் சொல்லிவிட்டார். கல்வி அதிகாரி இன்னும் யோசிக்கிறார்.

இதனால் நான் நல்லவன் ஆகிவிட்டேனா? இல்லை. ஆறு கைகளோடு சேர்ந்து உயர்ந்த கையை எந்தப் பசையாலும் கீழே இறக்க முடியாது. ஒட்டிய துண்டு ஒட்டிய துண்டுதான். நூறு வருடம் கழித்து யாராவது கிளப்பிப் பார்த்தால் அடியில் எங்கள் களவு அப்படியே இருக்கும். இருக்கட்டும். எங்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரே உண்மை வரலாறு அதுவாக இருக்கட்டும்! ஆனால் மேலே, அவள் பெயர் இருக்கும். இந்த ஊர் லைப்ரரியில், அவள் பஸ் பிடிக்கும் தெருவில், தாளில், மையில் இருக்கும்.

தாய்மார்களே, இடப்பக்க மேசைக்கு வாருங்கள். தந்தைமார்களே, வடை இப்போது இல்லை, வலப்பக்க மேசை. பிள்ளைகளே, தமிழ் எழுத்துத் தெரியாது என்று நழுவாதீர்கள், நேராக ஒட்டத் தெரிந்தால் போதும். மண்டபத்தை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமையிழந்து மணியடித்த தலைவருக்கும் நன்றி சொல்லி, எல்லோருக்கும் வணக்கம் கூறி விடைபெறுகிறேன்.

தயவுசெய்து கைதட்ட வேண்டாம். கைகள் பசைக்கு வேண்டும்.